மருந்து போடாத குழியிலும் மஞ்சள்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்து, இம்புட்டு நேரம் இவன் பேச்சையா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நொந்துபோவீர்கள். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், அமிலம் என்றால் என்ன காரம் என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சம்பளம் வாங்குகிறவன், ஆயுத பூஜை அன்று ஆய்வகத்தில் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, மேசைமேல் மூடி திறந்திருந்த சோடியம் கார்பனேட் பாட்டிலைக் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதுகூடப் பொய். கவனித்தேன். கவனித்து, "ஒனக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்" என்று அதன் பக்கமாகக் கூடுதலாக ஒரு உதறு உதறினேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் உதறினேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில் இருக்கும் கௌரவம் வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் என் வேலை காலாவதியாகும். துறைத்தலைவர் மனம் வைத்தால் ஜூனில் மறுபடி உயிர் பெறும். பாடம் நடத்துவதைத் தவிர எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பொங்கல் விழா, பிரிவு உபசாரம், யாராவது ஓய்வு பெறுவது, எது நடந்தாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முன்வரிசை சிரிக்க ஆரம்பித்துவிடும். இதைப் பெருமை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறையில் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். வீட்டில் மல்லிகைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் இருட்டோடு எழுந்து பூப் பறித்து வண்டியேற்றுகிறவர்கள். இவள் பேருந்தில் வந்து போய்த்தான் படித்தாள். துறைத்தலைவர்தான் அவளுக்கு வழிகாட்டி. அவர் கையெழுத்து இல்லாமல் அவள் ஆய்வேடு கல்லூரி வாசலைத் தாண்டாது.

அவள் செய்த வேலையைச் சொல்லாமல் என் கோபத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, மாத்திரையாக இருக்கும்போது மருந்தே இல்லை. சுட்ட சுண்ணாம்புக்கல் மாதிரி. காய்ந்து கிடக்கும் வரை அது பாட்டுக்குக் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் கொதிக்கும். இந்த மருந்துக்குத் தண்ணீர், நம் கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம். அது தொட்ட பிறகுதான் மருந்து விழித்துக்கொண்டு செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைத் தாக்கும். எல்லார் கல்லீரலிலும் அந்த என்சைம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பதில்லை. சிலருக்கு ஓரிடத்தில் சின்னதாக மாறியிருக்கும். மாறிய என்சைமும் மருந்தை எழுப்புமா, எழுப்பாதா? அம்புட்டுத்தான் அவள் கேள்வி.

மனிதர்களை வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் பாக்டீரியா. ஒரு பாக்டீரியாவுக்குள் அந்த மனித என்சைமைச் செய்யும் ஜீனை வைப்பாள். பாக்டீரியாவுக்கு ஒரு குணம் உண்டு; தன் டி.என்.ஏ.வில் அடி விழுந்தால் உள்ளுக்குள் அபாயச் சங்கு ஊதும். அந்தச் சங்கோடு இன்னொரு ஜீனை முடிந்துவைத்திருப்பார்கள். சங்கு ஊதினால், நிறமில்லாத ஒரு திரவம் மஞ்சளாக மாறும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் இதையெல்லாம் ஊற்றி, கடைசியில் சோடியம் கார்பனேட் விட்டு நிறுத்தி, எவ்வளவு மஞ்சள் என்று கருவியில் அளப்பாள். மஞ்சள் ஏறினால் அடி விழுந்திருக்கிறது. அடி விழுந்தால் மருந்து விழித்திருக்கிறது. விழித்தால் என்சைம் எழுப்பியிருக்கிறது. அதே தட்டில் மருந்து போடாத சில குழிகளும் இருக்கும்; கண்ட்ரோல் என்பார்கள். அவை சும்மா இருக்க வேண்டும். அவை சும்மா இருக்கின்றனவா என்று பார்க்காமல் மற்றதைப் பற்றிப் பேசக்கூடாது. இதை நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன்.

பூஜை முடிந்து கல்லூரி திறந்ததும் அவள் தட்டுப் போட்டாள். மாறிய என்சைம் இருந்த குழிகள் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். துறைத்தலைவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் பேரக்குழந்தையைத் தூக்கின மாதிரி தூக்கினார். அன்று சாயங்காலமே ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ். புற்றுநோய் மருந்தை எழுப்பும் புதிய என்சைம் கண்டறிந்த எங்கள் பேராசிரியப் பெருந்தகை. அவர் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. ஓரத்தில் பாக்டீரியாவுக்கும் ஒரு படம் கிடைத்திருந்தது. மாணவிக்குப் படமும் இல்லை, பேரும் இல்லை.

மாணவி மட்டும் ஃபிளெக்ஸைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், செத்த வாங்க. மருந்து போடாத குழியும் மஞ்சளாத்தான் இருக்கு."

"கொஞ்சம் இருக்கும்தானேம்மா."

"கொஞ்சம் இல்ல சார். ஒண்ணுமே போடாத குழி. பாக்டீரியாகூடப் போடல. கார்பனேட்டு மட்டும் விட்டேன். பாருங்க."

பார்த்தேன். கார்பனேட் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய பொருள். பாட்டில் பழுப்பு நிறம் என்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. அவள் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினாள். லேசாகச் சிவப்பு ஓடிய மஞ்சள். அந்த நிறத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியதே தவிர எங்கே என்று பிடிபடவில்லை.

"ஆரத்தி சார்," என்றாள் அவள். "கல்யாண வீட்டுல தாம்பாளத்துல கரைப்பாங்கள்ல. மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா வர்ற கலரு. நம்ம கார்பனேட்டும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான. யாரு சார் இதுல மஞ்சளப் போட்டது?"

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பூஜை அன்று வீட்டிலிருந்து பூக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பூ விலை ஏறிக் கிடக்கிற நாளில் தோட்டத்தில் ஆள் பற்றாது என்று உடனே திரும்பிப் போயிருந்தாள். நான் கருவிகளுக்குப் பொட்டு வைத்தது, பாட்டிலுக்குப் புண்ணியம் சேர்த்தது எதையும் அவள் பார்க்கவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். கூடவே, "என்சைமுக்குச் சாமி வந்துருச்சுன்னு நெனச்சேன், பாட்டிலுக்கு வந்துருக்கு" என்றும் சொல்லிவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. புதுக் கார்பனேட் கரைத்து, எல்லாத் தட்டையும் முதலிலிருந்து போட்டாள். மாறாத, வழக்கமான என்சைம் இருந்த குழிகள் மஞ்சளாயின. மாறிய என்சைம் இருந்த குழிகள், மருந்து போடாத குழிகளைப் போலவே சும்மா கிடந்தன. திரும்பத் திரும்பப் போட்டும் சும்மாதான் கிடந்தன.

அதாவது, மாறிய என்சைம் மருந்தை எழுப்பவில்லை. இது தோல்வி இல்லை, இதுதான் பதில். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் ஒருவர், மதுரை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, வாந்தியோடும் முடி கொட்டலோடும் ஒரு மருந்தை விழுங்குகிறார் என்று வையுங்கள். அவர் கல்லீரலில் இருப்பது மாறிய என்சைமாக இருந்தால், அந்த மருந்து அவருக்குள் போதுமான அளவு விழிக்காமலே போகலாம். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள இவள் தட்டு ஒரு சின்ன ஆரம்பம். சின்னதுதான். ஆனால் உண்மை.

புது முடிவை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் தட்டுகளின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியே ஃபிளெக்ஸின் முதுகு தெரிந்தது.

"ஏம்மா, கண்ட்ரோல்தான பிரச்சினை. பூஜைக்கு முன்னாடி எடுத்த கண்ட்ரோல் நல்லாத்தான இருக்கு. அதை எடுத்து இந்த மஞ்சத் தட்டுக்குப் பக்கத்துல வையி. படம் அழகா வந்துரும்."

"அது வேற தட்டு சார்."

"அதே பாட்டில்தான?"

"பாட்டில் அதேதான் சார். உள்ள இருந்தது வேற."

"எல்லாத்துக்கும் எதுத்துப் பேசாத. ஊரெல்லாம் நல்ல ரிசல்ட்டுக்குத் தவமிருக்கான். ஒனக்கு வீடு தேடி வந்துருக்கு, கதவைச் சாத்துற. அந்தப் படத்த வச்சு ஆய்வேட்டை எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா எங்கிட்டக் கொண்டாராத."

பூஜைக்கு முந்தைய வெறுங்குழியையும் பூஜைக்குப் பிந்தைய மருந்துக் குழியையும் ஒட்டவைத்தால், நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுக்க என் மாவிலையிலிருந்து உதிர்ந்த மஞ்சள். என் கோமாளித்தனத்தை எடுத்துப் புற்றுநோய்க்காரர்கள் தலையில் கட்டச் சொல்கிறார். வெளியே வந்துவிட்டேன். அன்றிரவு முழுக்க மனசுக்குள் பேசினேன். மறுநாள் ஸ்கூட்டரில் வரும்போதும் பேசினேன். ரயில்வே கேட்டில் பக்கத்து வண்டிக்காரர், "என்ன அப்பு, யாரைத் திட்டுற?" என்று கேட்கிற அளவுக்குப் பேசினேன். நேராகத் துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்து, நின்றுகொண்டே வாயைத் திறந்தேன். வந்து விழுந்தது இதுதான்.

"சார், அந்த என்சைம் நல்லாத் தூங்குது. நாமதான் மஞ்சத் தண்ணி தெளிச்சு எழுப்பியிருக்கோம். அடுத்து பூசணிக்காய் ஒடச்சா எந்திரிச்சு ஓடியே போயிரும்."

அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏய்யா, ஒன்னைய இந்த டிபார்ட்மெண்ட்ல வச்சிருக்கதே இதுக்குத்தான்யா. உக்காரு. டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். டீயும் குடித்தேன். ஏலக்காய் போட்ட டீ. குடித்துக்கொண்டே, "நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல சார்" என்றேன். அதற்கும் சிரித்தார். பதினெட்டு வயதிலிருந்து ஊரைச் சிரிக்கவைத்தே பிழைத்தவனுக்கு, கோபத்தைக் கோபமாகச் சொல்ல ஒரு முகம்கூட மிச்சமில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி, அறையை விட்டு வெளியே வருவதற்குள் என்மேல் திரும்பிவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவர் அந்தப் பூசணிக்காய் வசனத்தை ஸ்டாஃப் ரூமில் சொன்னார். அலுவலகத்தில் சொன்னார். பக்கத்துத் துறைக்காரர்கள் என்னைப் பார்த்தால், "என்ன சார், இன்னைக்கு எந்த என்சைமுக்குத் தெளிக்கிறீங்க?" என்றார்கள். ஒரு திருட்டு நடந்துகொண்டிருந்தது. நான் அதற்கு ஒரு நல்ல ஜோக்கைச் செய்து கொடுத்திருந்தேன். ஜோக்கைக் கேட்டவர்கள் எல்லாரும், விஷயம் எப்போதோ தெரிந்து சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மூடி மறைத்திருந்தால்கூட யாராவது தோண்டியிருப்பார்கள். சிரிப்பு மாதிரி ஒரு மூடி கிடையாது.

அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் ஆய்வுக்குழு கூடியது. வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை, அதிகம் பேசாதவர். மாணவி எழுந்து பழைய தட்டையும் காட்டினாள், புதுத் தட்டையும் காட்டினாள், ஏன் இரண்டும் வேறாக இருக்கின்றன என்றும் சொல்ல ஆரம்பித்தாள். துறைத்தலைவர் இடையில் புகுந்தார்.

"மேடம், அது ஒரு பெரிய கூத்து. கேளுங்க." மஞ்சள் தண்ணீர்க் கதையை அவரே சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்ததும், "அந்த ஒரு பாட்டில்தான் மேடம், அதெல்லாம் சரி பண்ணியாச்சு, மெயின் ரிசல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று முடித்தார்.

நான் பின்வரிசையில் இருந்து எழுந்தேன்.

"சம்பந்தம் இருக்கு மேடம். அந்த மெயின் ரிசல்ட்டே அந்தப் பாட்டில்தான். ஃபிளெக்ஸ்ல போட்டுருக்கது என்சைம் இல்ல, நான் தெளிச்ச மஞ்சள்."

எனக்குக் குரல் கிழிந்துவிட்டது. முகமெல்லாம் சூடு. அறை முழுக்க முகங்கள் என் பக்கம் திரும்பின, உதடுகள் லேசாக விரிந்து, அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தன. ஒருவர் கைதட்டவே செய்துவிட்டார்.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கதான் தெளிச்சதா?" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"எப்பத் தெளிச்சீங்க, எந்தப் பாட்டில்ல விழுந்துச்சு, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? பேச்சை வச்சுக் குழு ஒண்ணும் செய்ய முடியாது. எழுத்து இருந்தா அந்தத் தட்டைத் தள்ளிட்டு, இந்தப் பொண்ணுக்கு வேற வழிகாட்டி போடச் சொல்லிக் கேக்கலாம்."

"தாராளமா மேடம்" என்று உட்கார்ந்தேன். துறைத்தலைவர் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. ஜூன் மாசம் இருந்தது.

மறுநாளே மாணவி அரைப்பக்கம் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். சுத்தமான எழுத்து. அன்று ஆய்வகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தது நான், கார்பனேட் பாட்டில் திறந்திருந்தது, அதன் பிறகு போட்ட தட்டுகளை ஏற்கக்கூடாது. ஒரு குற்றச்சாட்டு இல்லை, ஒரு அழுகை இல்லை. நான் படித்துப் பார்த்து, "ஏம்மா, எம்பேருக்கு முன்னாடி மாண்புமிகு போடலையே" என்றேன். "நாளைக்குப் போட்டுத் தாரேன்" என்றேன். நாளையும் வந்தது. பேனாவில் மை இல்லை என்றேன். அதற்கும் மறுநாள் நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்றேன். அவள் தினமும் காலையில் என் மேசைப் பக்கம் வந்து, செத்த நேரம் நின்று, திரும்பிப் போனாள். பிறகு வருவதையும் நிறுத்தினாள்.

வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வாடகை, ஜூன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். துறைத்தலைவரும் ஃபிளெக்ஸைத் தொங்கவிட ஏதாவது உண்மையான காரணம் வைத்திருப்பார். அது உறைத்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது அதுவரை வந்த எதையும்விட அசிங்கமாக இருந்தது. அவர் பொய்யைப் படம்போட்டு மாட்டினார். நான் உண்மையைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஜோக்கடித்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஃபிளெக்ஸ் மட்டும்தான் வித்தியாசம்.

ஒரு சாயங்காலம் அலுவலகத்தில் சொன்னார்கள், மாணவி ஆராய்ச்சியை விட்டு விலகுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனதாக. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். நிலக்கோட்டைப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. காலையில் பூ ஏற்றிவந்த காலிச் சாக்குகளைச் சுருட்டிப் பின்சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறப்போகிற நேரம்.

"ஏம்மா, நில்லு. பேனா வச்சிருக்கியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பையைத் திறந்து பேனாவை நீட்டினாள். நான் அந்த அரைப்பக்கத்தை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டில் விரித்து, கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், தேதி, பதவி. கௌரவ விரிவுரையாளர் என்று எழுதும்போது கையில் அழுத்தம் கூடி, தாள் ஓரிடத்தில் கிழிந்தது. அவள் அதை வாங்கி ஒரு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் வராத வார்த்தையெல்லாம் அப்போதுதான் வந்தது.

"நாளைக்குக் காலையில அவர் ரூமுக்கே போறேன். டீ குடுத்தா மூஞ்சில ஊத்துறேன். அந்த ஃபிளெக்ஸக் கிழிச்சு மாட்டுக்கொட்டகைக்குப் போடுறேன். இனிமே மைக்கக் குடுத்தா இந்தக் கதையத்தான் சொல்வேன், ஒருத்தன் சிரிச்சாலும் எறங்கிப் போயி அவன் சட்டையப் பிடிப்பேன். வேலை போனாப் போகட்டும். என்ன மனுசங்க இவங்க, ஒரு புள்ளையோட படிப்ப, சாகக் கெடக்குறவன் மருந்த, இதுல போயி ஒருத்தன் வெளையாடுவானா? நீ பாத்துக்கிட்டே இரும்மா, நான் விடமாட்டேன். நீயே சொல்லு, நான் சொல்றது சரியா இல்லையா?"

கையில் இருந்ததை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பேருந்து லேசாக நகர்ந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"பேனாவக் குடுங்க சார், பஸ் எடுத்துட்டான்."